போர்ப் படங்களின் இசை: சண்டை நடக்கும்போது வர வேண்டுமா, ஓய்ந்தபின் வர வேண்டுமா?

பரங்கிமலைக்காரன்:

போர்ப் படங்களின் இசையைப் பற்றி மட்டும் பேச ஒரு இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டானாலும் சரி, பின்னணி இசையானாலும் சரி. தமிழ், இந்தி, ஆங்கிலம், ஜப்பான், எந்த ஊர்ப் படமானாலும் சரி. பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது எந்த இடத்தில் வருகிறது, அங்கே என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நல்ல போர்ப் படத்தில் இசை சண்டைக்கு முன்னால் வரும், இல்லையென்றால் சண்டை ஓய்ந்தபின் வரும். குண்டு வெடிக்கும்போது ஒதுங்கி நிற்கும். 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பிரான்ஸின் ஓமஹா கடற்கரையில் இறங்கும் காட்சி இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸைக் கூட வைத்துக்கொண்டு, இயக்குநர் ஸ்பீல்பெர்க் அந்தக் காட்சி முழுவதிலும் ஒரு வயலின் இழுப்புகூட வைக்கவில்லை. தோட்டா தண்ணீருக்குள் பாயும் சத்தம், இரும்பில் படும் சத்தம், காது அடைத்துப்போன கேப்டனுக்குக் கேட்கும் மங்கலான இரைச்சல், அவ்வளவுதான். எல்லாம் அடங்கியபின்தான் வில்லியம்ஸ் மெதுவாக உள்ளே வருகிறார். மாண்டவர்களுக்காக அவர் எழுதிய அந்தக் கோரஸ் துண்டு, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் முழுதாக வருகிறது. பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழு வாசித்தது. விளக்குப் போட்டதும் எழுந்து போகிறவர்களுக்கு அது கிடைக்காது, அதனால் இனி பார்த்தால் தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

அதே 1998-இல் வந்தது 'தி தின் ரெட் லைன்'. இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் இதில் செய்த அளவுக்கு வேறு எதிலும் செய்யவில்லை என்பது என் எண்ணம். கடிகார முள் நகர்வது போல ஒரு துடிப்பு, அதன் மேல் ஒவ்வொன்றாகத் தந்திகள் ஏறி, ஏறி, எங்கேயும் வெடிக்காமல் நெஞ்சை அழுத்திக்கொண்டே போகும். பிறகு எத்தனையோ படங்களின் டிரெய்லர்களில் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், ஆனாலும் படத்தில் அது வரும் இடத்தில் பார்த்தால் இன்னும் புதிதாக இருக்கிறது. இயக்குநர் டெரன்ஸ் மாலிக் படப்பிடிப்புக்கு முன்பே நிறைய இசையை எழுத வைத்து, அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டுக் காட்சிகளை எடுத்தார். அதோடு சாலமன் தீவுகளின் மக்கள் தேவாலயத்தில் பாடும் பாட்டுகள் வருகின்றன. போர் யாருடைய மண்ணில் நடக்கிறதோ அவர்களுடைய குரல் படத்துக்குள் இருக்கிறது, இது எத்தனை படங்களில் நடக்கிறது? அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இரண்டு படங்களின் இசையும் பரிந்துரையில் இருந்தன. இரண்டும் வாங்கவில்லை. 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்துக்காக நிக்கோலா பியோவானி வாங்கினார். அதுவும் அதே உலகப் போர்தான், நாஜி முகாம்.

நம் படங்களில் போர் என்றதும் கோரஸ், தவில், டிரம்ஸ், பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடுகின்றன. வாளோடு வாள் மோதும் சத்தம்கூட நமக்குக் கேட்பதில்லை. இவ்வளவு பெரிய கலைஞர்கள் இருக்கும் ஊரில் ஏன் ஒரு போர்க் காட்சியையாவது இசை இல்லாமல் விட்டுப் பார்க்கக் கூடாது? நீங்கள் சொல்லுங்கள்.


சூளைமேடு சுசி:

'கன்னத்தில் முத்தமிட்டால்'. எனக்கு வேறு பேச்சே இல்லை.

2002-இல் வந்த படம். ஏ.ஆர். ரகுமானே பாடிய 'வெள்ளைப் பூக்கள்' எல்லோருக்கும் தெரியும், பள்ளி விழாக்களில்கூடப் பிள்ளைகள் பாடுகிறார்கள். நான் சொல்ல வந்தது 'விடை கொடு எங்கள் நாடே'. ஊரையே காலி செய்துகொண்டு சனங்கள் நடந்து போகும்போது வரும் பாட்டு. அதைப் பாட ரகுமான் எம்.எஸ். விஸ்வநாதனைக் கூப்பிட்டிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய குரல். அழகான குரல், பயிற்சியான இளம் குரல் என்று கோடம்பாக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள். ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் கடலையும் விட்டுவிட்டுப் போகிறவர்களில் முன்னால் நடக்கிறவர் ஒரு கிழவராகத்தானே இருப்பார்? அந்தக் குரலில் இருக்கும் நடுக்கம் நடிப்பு இல்லை. ரகுமான் சின்ன வயதில் எம்.எஸ்.வி.யின் ரெக்கார்டிங்குகளில் கீபோர்டு வாசித்தவர், அந்தக் குரலின் கனம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் மாணிக்க விநாயகம், ஃபெபி, ரைஹானா, பல்ராம் எல்லோரும் சேர்கிறார்கள். ஒருவர் பாட ஆரம்பிக்கிறார், பிறகு ஊரே பாடுகிறது.

அந்தப் படத்துக்காக ரகுமானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது. விருதை விடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் 1990-களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம். அந்த அக்கா இந்தப் பாட்டு டிவியில் வந்தால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். பாட்டு பிடிக்காமல் இல்லை. கேட்க முடியாமல்.

பரங்கிமலைக்காரன் சார் சொன்னது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் நம் படங்களில் அப்படி ஒன்றுமே இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது.


பெரம்பூர் டிரம்பெட்:

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார்.

பேண்டில் வாசிக்கிறவன் என்பதால் சொல்கிறேன். போரும் இசையும் வேறு வேறாக இருந்ததே கிடையாது. பியூகிள் ஊதித்தான் எழுப்பினார்கள், பியூகிள் ஊதித்தான் பாய்ந்தார்கள், புதைக்கும்போதும் அதையே ஊதினார்கள். பக்கத்தில் இருப்பவன் கத்துவது கேட்காத இடத்தில் டிரம் அடித்துத்தான் கட்டளை போனது. டிரம்ஸ் வேண்டாம், பிராஸ் வேண்டாம் என்றால் போரின் சொந்தச் சத்தத்தையே வேண்டாம் என்கிறீர்கள்.

நம் ஊரிலும் அதேதான். புறநானூற்றில் மோசிகீரனார் கதை எல்லோரும் படித்திருப்போம். முரசைத் தண்ணீராட்டக் கொண்டு போயிருக்கிறார்கள், காலியாக இருந்த முரசுக் கட்டிலில் அசதியில் புலவர் படுத்துத் தூங்கிவிட்டார். அந்தக் கட்டிலில் ஏறினால் வெட்டு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல் விசிறி எடுத்து வீசினான் என்று அவன் பெருமையைத்தான் வாத்தியார் சொல்லிக்கொடுப்பார். எனக்கு அதில் முரசுக்கு இருந்த மரியாதைதான் பெரிதாகத் தெரிகிறது. குளிப்பாட்டி, கட்டில் போட்டு, பூப்பரப்பி வைத்திருக்கிறார்கள்.

என் விருப்பம் 'வேர் ஈகிள்ஸ் டேர்', 1968. பனிமலை, அதற்கு மேல் ஒரு விமானம், முதலில் தூரத்தில் ஒரு ஸ்னேர் டிரம், அணிவகுப்பில் படபடவென்று அடிப்பார்களே அது, மட்டும். அது நெருங்கி வரும், அப்புறம் பிராஸ் ஒன்றன் பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு வரும். இசை ரான் குட்வின். ஒரு ஆளைக்கூட இன்னும் காட்டவில்லை, நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவோம். எங்கள் அப்பா தலைமுறை இந்த மாதிரிப் படங்களை அண்ணா சாலைத் தியேட்டர்களில் மறுபடி மறுபடி பார்த்தவர்கள், இன்றைக்கும் அந்த டிரம்ஸை வாயாலேயே வாசித்துக் காட்டுவார்.

இன்னொன்று 'பேட்டன்', 1970. இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். டிரம்பெட்டில் மூன்று மூன்றாக ஒரு சின்னச் சொற்கட்டு, அதை எக்கோ கருவியில் விட்டு, அடுத்தடுத்து மங்கிக்கொண்டே போகும்படி செய்திருப்பார். பேட்டன் என்ற அந்த அமெரிக்கத் தளபதிக்குத் தான் முன் பிறவிகளிலும் போர்வீரனாக இருந்தவன் என்று நம்பிக்கை. பழைய போர்க்களங்களிலிருந்து ஊதுவது போல அந்த டிரம்பெட் வரும். இது சண்டைக்கு முன்னாலா பின்னாலா? சொல்லுங்கள் பார்ப்போம்.


கீபோர்டு குமரன்:

டிரம்பெட் அண்ணன் பேட்டனைச் சொன்னதற்கு நன்றி, அந்த எக்கோவை வீட்டில் செய்து பார்க்காத கீபோர்டுக்காரன் இருக்க மாட்டான்.

நான் 'டன்கிர்க்' பற்றிச் சொல்ல வேண்டும். 2017. இரண்டாம் உலகப் போரில் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய சிப்பாய்களைப் படகுகளில் மீட்ட கதை. இந்தப் படம் பரங்கிமலை சாரின் கட்சிக்கு நேர் எதிர். படம் முழுக்க இசை ஓடுகிறது, நிற்பதே இல்லை, ஆனாலும் அது சண்டையைப் பெரிதாக்கவில்லை. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தன் சொந்தக் கைக்கடிகாரத்தின் சத்தத்தைப் பதிவு செய்து ஜிம்மருக்குக் கொடுத்தார். அந்த டிக் டிக் தான் அடித்தளம். அதன் மேல் ஷெப்பர்ட் டோன் என்று ஒரு வித்தை. புரியாதவர்களுக்கு நம் கணக்கில் சொல்கிறேன். மந்திர ஸ்தாயி சா, மத்திய ஸ்தாயி சா, தார ஸ்தாயி சா மூன்றையும் ஒன்றாக வாசியுங்கள். மூன்றையும் ஒரே சீராக மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். மேலே இருப்பதன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இல்லாமல் ஆக்குங்கள், அதே நேரத்தில் கீழே புதிதாக ஒன்றைச் சத்தமே இல்லாமல் நுழைத்து ஏற்றுங்கள். எங்கே மாறியது என்று காதுக்குப் பிடிபடாது. சுருதி முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதாக நினைக்கும். நெருக்கடி கூடிக்கொண்டே போகும், ஆனால் உச்சம் வராது. நிலத்தில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம் என்று மூன்று கதைகளையும் நோலன் பின்னியது இதே கணக்கில்தான்.

கடைசியில் தப்பி வந்த அந்த இளம் சிப்பாய் ரயிலில் உட்கார்ந்து கண்ணை மூடுவான், டிக் டிக் நின்றுவிடும். அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்றபோதுதான் தெரியும். வேளச்சேரியில் பெரிய திரையில் பார்த்தேன், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் அந்த இடத்தில் சத்தமாக மூச்சு விட்டார்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கர் 1899-இல் எழுதிய 'நிம்ராட்' இந்தப் படத்தில் வேறு உருவத்தில் வருகிறது, கவனித்தீர்களா? பிரிட்டனில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் நாளில் வாசிக்கும் துண்டு அது. அதை அடையாளமே தெரியாத அளவுக்கு இழுத்து, படகுகள் வரும்போது மெல்ல மேலே கொண்டுவருகிறார்கள். எல்கர் எழுதியது மொத்தம் பதினான்கு மாறுபாடுகள், டன்கிர்க் இசைத்தட்டில் இந்தத் துண்டுக்குப் 'பதினைந்தாவது மாறுபாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர் ஒருவர் தெரிந்த கீர்த்தனையை எட்டுக் களையில் பாடினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு காலப்பிரமாணம்.


சூளைமேடு சுசி:

குமரன் தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நன்றி.

'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' 2022 படத்தின் அந்த மூன்று சுரத்தைப் பற்றியும் எழுதுங்களேன்.


கீபோர்டு குமரன்:

எழுதாமல் இருப்பேனா அக்கா. ஃபோல்கர் பெர்டெல்மான் இசை, 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. அந்த மூன்று சுரம் சிந்தசைசர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது ஆர்மோனியம். அவருடைய கொள்ளுப்பாட்டியின் ஆர்மோனியம், நம் நாடகப் பெட்டி மாதிரிக் கையால் துருத்தி போடுவது இல்லை, காலால் மிதித்து வாசிக்கும் பெரிய வகை. அதைச் சரிசெய்து எடுத்து, ஓசையை உடைத்து, பெருக்கி, ஒரு இயந்திரம் உறுமுவது போல ஆக்கிவிட்டார். பாட்டி வீட்டில் பிரார்த்தனைக்கும் பாட்டுக்கும் இருந்த பெட்டியிலிருந்தே அந்தக் கொலைகாரச் சத்தத்தை எடுத்திருக்கிறார். அந்தப் பெட்டியின் மரம் முறுகும் சத்தம், துருத்தி மூச்சு வாங்கும் சத்தம் எல்லாவற்றையும் நீக்காமல் பதிவில் விட்டிருக்கிறார், ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

படத்தில் அது சும்மா இரண்டு மூன்று தடவை இடி மாதிரி விழும், அப்புறம் போய்விடும். செத்தவனுடைய சட்டையைக் கழற்றித் துவைத்துத் தைத்து அடுத்த பையனுக்குக் கொடுக்கும் அந்த ஆரம்பக் காட்சியை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.


எழும்பூர் பழைய ரசிகர்:

எல்லோரும் மேல்நாட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வயதில் மூத்தவன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பசுமை நிறைந்த நினைவுகளே' எந்தப் படம்? சென்னையில் பிரிவு உபசார விழா நடக்கும் கல்லூரி ஒவ்வொன்றிலும் பாடியிருக்கிறார்கள், இன்னும் பாடுகிறார்கள். அது போர்ப் படத்துப் பாட்டு. 'இரத்தத் திலகம்', 1963. சீனப் போர் முடிந்த மறு வருஷமே வந்த படம், சிவாஜியும் சாவித்திரியும். கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு, டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. கல்லூரியில் பிரிகிறார்கள், 'எந்த ஊரில் எந்த நாட்டில் என்று காண்போமோ' என்று பாடுகிறார்கள், பாடியவன் பட்டாளத்துக்குப் போகிறான். அந்த வரிக்குப் பின்னால் எல்லைப் போர் இருக்கிறது என்று தெரிந்து கேட்டால் அது வெறும் கல்லூரிப் பாட்டு அல்ல. அதே படத்தில்தான் 'புத்தன் வந்த திசையிலே போர்' என்று பாட்டு. அதே படத்தில்தான் கவிஞரே திரையில் தோன்றும் 'ஒரு கோப்பையிலே என் குடியிருப்பு'. போரைப் பற்றிய பாட்டை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஊர் எடுத்துக்கொண்டது. ஏன் அப்படி என்று நான் அடிக்கடி யோசிப்பேன். சீனப் போரில் நமக்குக் கிடைத்தது பிரிவு மட்டும்தான், அதனால் பிரிவுப் பாட்டுதான் நின்றது என்று படுகிறது.

அடுத்த வருஷம், 1964 பொங்கலுக்குக் 'கர்ணன்'. பாரதப் போரைவிடப் பெரிய போர்ப் படம் ஏது? விஸ்வநாதன் ராமமூர்த்தி. குருக்ஷேத்திரத்தில் போய் எடுத்தார்கள். அம்பு பாய்ந்து கர்ணன் சாய்ந்து கிடக்கிறான், அப்போது சீர்காழி கோவிந்தராஜன் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' என்று எடுக்கிறார். சக்ரவாகம். அந்த ராகத்தை அந்த இடத்துக்கு யோசித்த மனிதர்களுக்குக் கோயில் கட்டலாம். 2012-இல் அந்தப் படத்தைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டபோது என் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்போனும் கையுமாக இருக்கிற பையன்கள் அந்தப் பாட்டுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பரங்கிமலைத் தம்பி, இசை ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறீர்களே, நம் ஊர்தான் அதற்கு முன்னோடி. 'அந்த நாள்', 1954. இரண்டாம் உலகப் போர் காலத்துச் சென்னை, ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ஒரு ரேடியோ எஞ்சினியர் நாட்டைக் காட்டிக்கொடுக்கிற கதை. ஒரு பாட்டுகூடக் கிடையாது. படத்துக்கு இருபது பாட்டு, முப்பது பாட்டு என்று இருந்த வழக்கத்திலிருந்து தமிழ் சினிமா அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. எடுத்தவர் யார்? வீணை எஸ். பாலசந்தர். இசையே உயிராக இருந்தவர்தான் பாட்டு வேண்டாம் என்று துணிந்தார். அதையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.


பரங்கிமலைக்காரன்:

ஐயா, இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'பசுமை நிறைந்த' பாட்டை எங்கள் பள்ளிக் கடைசி நாளில் கும்பலாகப் பாடியிருக்கிறோம், இனி வேறு மாதிரிதான் கேட்கும்.

ஆனால் பாருங்கள், நீங்கள் சொன்ன எல்லாமே பிரிவும் சாவும்தான். சுசி சொன்னதும் அதுதான். தமிழ்ப் படத்தில் போரின் நல்ல இசை வழியனுப்பும் இடத்தில்தான் இருக்கிறது. 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 படத்தை எடுத்துக்கொண்டாலும், ஜி.வி. பிரகாஷ் அவ்வளவு போர்க்களம் கட்டியிருக்கிறார், எனக்கு நிற்பது 'பெம்மானே' தான். பாம்பே ஜெயஸ்ரீயும் பி.பி. ஸ்ரீநிவாஸும். பட்டினியால் வாடும் சனங்கள் அரசனிடம் முறையிடுகிறார்கள். பி.பி.எஸ். குரலை அத்தனை வருஷம் கழித்து அந்த இருட்டில் கேட்டதை மறக்க முடியாது.

டிரம்பெட் சார், மறுக்கவில்லை, ஸ்னேர் டிரம் எனக்கும் பிடிக்கும். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் பேண்ட் சத்தம் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து எங்கள் தெருவரைக்கும் வரும். மார்ச் என்பது போருக்குப் போகிறவனுக்கு, படம் பார்க்கிறவனுக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.


அக்கரைப் பேத்தி:

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இந்த இழைக்காகவே சேர்ந்தேன்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) படத்தின் விசில் இசையை இன்னும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கே தெரியவில்லை. என் தாத்தாவின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) பர்மா ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. 415 கிலோமீட்டர், 1942-43. வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் அறுபதாயிரம் பேர் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் மலாயாத் தமிழர்கள் மிக அதிகம். செத்தவர்களும் வெள்ளைக்காரர்களைவிடப் பல மடங்கு. படத்தில் நம் ஆட்கள் இல்லை. இத்தனைக்கும் படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கல பக்கம், ஒரு நாள் பயணத்தில் தமிழ்த் தோட்டங்கள்.

அந்த விசிலைக் கேட்டால் எல்லோருக்கும் உற்சாகம் வருகிறது. கிழிந்த சட்டையும் தேய்ந்த பூட்சுமாக வரிசை கலையாமல் நடந்து வருகிறார்கள், தோற்றாலும் தலை குனியவில்லை என்று அந்த இசை சொல்கிறது. நல்ல இசைதான். எனக்கும் கால் தாளம் போடுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பாதைக்கு இசை கிடையாது. கொள்ளுப்பாட்டி ஒப்பாரி வைக்கக்கூட உடம்பு வரவில்லை, தேதி தெரியாது, திதி கொடுக்க நாள் தெரியாது. பரங்கிமலைக்காரன் சார் முதலில் எழுதினாரே, போர் யாருடைய மண்ணில் நடக்கிறதோ அவர்களுடைய குரல் படத்துக்குள் இருக்க வேண்டும் என்று, அதைப் படித்ததும்தான் இதை எழுதத் தோன்றியது. அந்தப் பாதையில் அந்த மக்கள் எதையாவது பாடித்தானே இருப்பார்கள். தெம்மாங்கோ, மாரியம்மன் தாலாட்டோ. அதை வைத்து யாராவது ஒரு படத்துக்கு இசை அமைத்தால் நான் முதல் நாள் போய் நிற்பேன்.


பெரம்பூர் டிரம்பெட்:

அம்மா, நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த விசில் 'கர்னல் போகி' மார்ச். 1914-இல் ஒரு பிரிட்டிஷ் ராணுவ பேண்ட் மாஸ்டர் எழுதியது, கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் அதற்கு ஹிட்லரைக் கேவலமாகத் திட்டும் வரிகளைப் போட்டுப் பாடினார்கள், திரையில் அதைப் பாட முடியாது, விசில் அடித்தால் போதும், பார்க்கிறவனுக்கு வரிகள் தெரியும். அதனால் அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு அது வெறும் உற்சாகம் இல்லை, காவலாளிக்குப் புரியாத வசவு. மால்கம் ஆர்னால்டு அதன் மேல் இன்னொரு மார்ச்சைப் பொருத்தமாக எழுதி, விசிலோடு பேண்டும் சேர்ந்து போகும்படி செய்தார். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நாங்கள் வாசிக்கும்போது கல்யாண ஊர்வலத்தில்கூட இதைக் கேட்கிறவர்கள் உண்டு. இனி அதை வாசிக்கும்போது உங்கள் பெரிய தாத்தா ஞாபகம் வரும்.


சூளைமேடு சுசி:

அக்கரைப் பேத்தி, வந்து எழுதியதற்கு உங்களுக்கு என் அன்பு.

இசையைப் போர் எப்படிப் பயன்படுத்துகிறது என்று காட்டும் படங்களும் உண்டு. 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தில் ஹெலிகாப்டர்களில் ஸ்பீக்கர் கட்டி ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை அலறவிட்டுக்கொண்டு கிராமத்தின் மேல் பாய்கிறார்களே, அங்கே இசை பின்னணி இல்லை, ஆயுதம். அதிகாரியே போடச் சொல்கிறான். அந்தக் காட்சியை வீரம் என்று ரசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கீழே பள்ளிக்கூட முற்றத்திலிருந்து ஓடும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. இயக்குநர் கொப்போலா இசையை நடுவில் வெட்டி, ஒரு நொடி அந்தக் கிராமத்தின் அமைதியைக் காட்டிவிட்டுத்தான் ஹெலிகாப்டரைக் கொண்டுவருகிறார்.

'பிளட்டூன்' (1986) நேர் மாறு. சாமுவேல் பார்பர் முப்பதுகளில் தந்திகளுக்காக எழுதிய மெதுவான துண்டு, அடாஜியோ. ஜார்ஜ் டெலரூ அந்தப் படத்துக்குத் தனியாக இசை எழுதினார், ஆனாலும் படம் முழுக்க நம் காதில் நிற்பது பார்பர். சிலர் அதை ஓவர் என்பார்கள். எனக்கு இல்லை.

'மெர்ரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்' யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1983, இயக்குநர் ஓஷிமா, ஜாவாவில் ஜப்பானியக் கைதி முகாம். ரியூச்சி சகமோட்டோ இசையும் அமைத்து, முகாம் தலைவனாக நடித்தும் இருக்கிறார். மணி அடிப்பது போல ஒரு மெட்டு. கொடுமை செய்யும் ஆளின் மனசுக்குள் இருக்கும் குழப்பத்தை அவரே எழுதி அவரே நடித்திருக்கிறார். 2023 மார்ச்சில் அவர் இறந்தார், செய்தி வந்த அன்று முழுவதும் அதையே கேட்டேன்.


ராயபுரம் ரெஜி:

எல்லோரும் அழவைக்கிறீர்கள். வீரத்துக்கும் ஒரு இடம் வேண்டாமா? 'அமரன்' (2024) பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்த உணர்ச்சியை அழுகை என்று மட்டும் சொல்ல மாட்டேன். முகுந்த் தன் ஆட்களை 'அச்சமில்லை அச்சமில்லை' என்று கத்த வைப்பாரே, பாரதி வரி காஷ்மீர் மலையில் இந்திக்காரப் பையன்கள் வாயில் வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜி.வி. அந்த இடத்தில் டிரம்ஸைக் கூட்டத்தான் செய்கிறார். கூட்டட்டுமே. மேஜர் முகுந்த் வரதராஜன் பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் படித்துப் போனவர், 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர் கொடுத்தவர், அசோக சக்ரா வாங்கியவர். அவருக்காக நாலு டிரம் அதிகம் ஒலித்தால் தப்பா?

அப்புறம் 'பார்டர்' 1997. 1971 போரின் லோங்கேவாலா சண்டை. 'சந்தேஸே ஆத்தே ஹை'. இந்தி தெரியாமலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். லெட்டர் வருகிறது, வீட்டு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான் பாட்டு, பத்து நிமிடம் ஓடும்.


பரங்கிமலைக்காரன்:

தப்பில்லை ரெஜி. 'அச்சமில்லை' இடத்தில் டிரம்ஸ் எனக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே முதலில் வருவது மனிதக் குரல், டிரம்ஸ் அதன் பின்னால் போகிறது. நான் குறை சொல்வது குரலே இல்லாத இடத்தில் சத்தத்தை வைத்து நிரப்புவதை.

நீங்கள் சொன்ன 'பார்டர்' பாட்டும் லெட்டர்தான், வீடுதான். பார்த்தீர்களா, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறோம். 'சேவிங் பிரைவேட் ரையன்' கடைசிச் சண்டைக்கு முன்னால் இடிந்த ஊரில் உட்கார்ந்து கிராமபோனில் எடித் பியாஃப் பாட்டுக் கேட்பார்களே, ஒருவனுக்கு மட்டும் பிரெஞ்சு தெரியும், அவன் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பான். இரண்டும் ஒரே காட்சி.


பெரம்பூர் டிரம்பெட்:

சரி சார், ஒரு காரியம் சொல்கிறேன். 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டை எங்கள் பேண்டுக்கு எழுதப் போகிறேன். எம்.எஸ்.வி. குரலுக்கு யூஃபோனியம் என்கிற தடித்த குரல் பித்தளைக் குழல், டிரம்பெட் வேண்டாம், அது அந்த நடுக்கத்தைத் தாங்காது. கோரஸ் வரும் இடத்தில் கிளாரினெட்டும் ஹார்னும். அடியில் ஸ்னேர் வைக்கத்தான் போகிறேன், துணி போர்த்தி, நடை வேகத்தில், சவ ஊர்வலத்துக்கு அடிப்போமே அந்த மாதிரி. அது வேண்டாம் என்று நீங்கள் சண்டை போடுவீர்கள், போடுங்கள், வாசித்துக் காட்டியபிறகு.

குமரன் தம்பி, கோரஸ் பகுதிக்கு நொட்டேஷன் எழுதி அனுப்ப முடியுமா? சுசி அம்மா, அந்தப் பாட்டில் எம்.எஸ்.வி. எங்கெங்கே மூச்சு எடுக்கிறார் என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், அதைக் குறித்துக் கொடுங்கள், யூஃபோனியம் வாசிக்கும் பையன் அதே இடத்தில்தான் மூச்சு எடுக்க வேண்டும். அக்கரைப் பேத்தி, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மலாயாத் தோட்டத்துப் பாட்டு ஏதாவது இரண்டு வரி ஞாபகம் இருந்தால் போனில் பதிந்து அனுப்புங்கள்.


கீபோர்டு குமரன்:

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன் அண்ணே. இரண்டு ஹார்னா, மூன்றா? மூன்று என்றால் ரைஹானா பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதுகிறேன்.


அக்கரைப் பேத்தி:

அத்தைக்குத் தெரியும். தாம்பரத்தில் இருக்கிறார், இந்த வாரம் போய்ப் பதிந்துகொண்டு வருகிறேன்.